‘என் சரித்திரம்’: ஒரு வாசிப்பின் வரலாறு

நெடுநாட் பிரிந்த நண்பர் ஒருங்கு கூடினால் உடல்நலத்தையும் குடும்ப நலத்தையும் முதற்கண் வினாவுதல் உலகியல்பு. கல்வியில் ஈடுபட்டோர் கூட்டமாயின் அவற்றை அடுத்து எழும் வினா ஒன்றுண்டு. “இப்பொழுது என்ன நூல் படிக்கிறீர்கள்? அஃது எவ்வாறு இருக்கின்றது?” என்பதே அது. வினா எளிது, விடை அத்துணை எளிதன்று. என்றோ படித்து முடித்த நூலைப்பற்றிக் கேட்பின், பிறர் கூறிய கருத்துக்களையேனும் தொகுத்து விடையிறுத்துவிடலாம். படித்துக்கொண்டிருக்கும் நூலைப்பற்றிக் கேட்பின், நம் உள்ளத்தில் அந்நேரம் நிகழ்வதையே சொல்லவேண்டும். அங்கே இரவற் கருத்துக்கு இடமில்லை.

இவ்வினாவுக்கு இன்று யான் கூறும் விடை, மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் எழுதிய ‘என் சரித்திரம்’ என்பது. சென்ற ஆண்டு இந்நூலை ஒருமுறை விரைந்து படித்து முடித்தேன். இவ்வாண்டு இரண்டாம் முறை, நாளொன்றுக்கு ஓரத்தியாயம் என்னும் அளவில், கையிற் பென்சிலோடு மெல்லப் படித்து வருகின்றேன். இரண்டாம் வாசிப்பிலே தோன்றிய எண்ணங்களை நம் கல்லூரி ஆசிரியர், மாணவர், பழைய மாணவர் ஆகியோர் முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். வகுப்பறையிலே பல்லாண்டுகளாகச் சாமிநாதையரவர்களைப்பற்றிப் பேசி வந்தவன் யான். ‘தமிழ்த் தாத்தா’ என்னும் சிறப்புப் பெயரும், ஏட்டுச் சுவடி தேடி அவர் ஊரூராய் அலைந்த செய்தியும், அவர் பதிப்பித்த நூல்களின் பட்டியலும் எனக்கு நாவிலே பாடம். ஒருநாள் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, யான் சற்றுமுன் கூறிய நிகழ்ச்சி எந்நூலில் உள்ளதென வினாவினான். ‘என் சரித்திரம்’ என்றேன். தாங்கள் அந்நூல் முழுவதையும் படித்திருக்கின்றீர்களா என்று அடுத்து வினாவினான். அவன் குரலில் ஏளனமில்லை. நூலகத்தில் எடுத்துப் படிக்கலாமா என்றறியும் ஆவலே இருந்தது. எனினும் எனக்கு விடை எழவில்லை. யான் படித்தவை நூலிலிருந்து பிறர் எடுத்துத் தந்த பகுதிகளே. ‘இல்லை’ என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று மாலையே நூலகத்துக்குச் சென்று நூலை எடுத்துவந்தேன். மாணவன் ஒருவனின் வினா ஆசிரியனொருவனைப் படிக்கவைத்த இச்செய்தியை யான் கூறுதற்குக் காரணம் உண்டு. இந்நூலின் நடுநாயகமாய் விளங்கும் நிகழ்ச்சியும் இத்தகையதொரு வினாவே என்பதைப் பின்னர்க் காண்போம்.

‘என் சரித்திரம்’ ‘ஆனந்த விகடன்’ வார இதழிலே 1940ஆம் ஆண்டு தொடங்கி 1942ஆம் ஆண்டு வரை தொடர்ந்து வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது ஆசிரியருக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து வயது. 1855ஆம் ஆண்டு பிறந்த அவர் 1942ஆம் ஆண்டு ஏப்பிரில் 28ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்பொழுது சரித்திரம் 1899ஆம் ஆண்டு அளவிலேயே நின்றிருந்தது. நூல் வடிவில் அது வெளிவந்தது 1950ஆம் ஆண்டில். நூற்றிருபத்திரண்டு அத்தியாயங்கள் கொண்ட பெருநூல்; ஆயினும் முற்றுப்பெறாத நூல்.

இந்நூலைப் பலரும் பலவாறு பாராட்டுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சைச் சீமையின் வாழ்வைக் காட்டும் கண்ணாடி என்பர் சிலர். குருபக்திக்கு இலக்கியம் என்பர் சிலர். இவை யாவும் உண்மையே. எனினும், இரண்டாம் வாசிப்பிலே எனக்குத் தோன்றியது வேறொன்று. இந்நூல் ஒரு மனிதரின் சரித்திரமாய்த் தொடங்கி, வாசிப்பு என்னும் தொழிலின் சரித்திரமாய் வளர்கின்றது. நூலொன்றைப் பெறுதல் எவ்வளவு அரிது, பெற்றதை விளங்கிக்கொள்ளுதல் அதனினும் எவ்வளவு அரிது, விளங்காததை விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்ளுதல் எல்லாவற்றினும் எவ்வளவு அரிது என்பவற்றை இதுபோல் விரித்துரைத்த வேறொரு தமிழ்நூலை யான் அறியேன்.

நூலின் முற்பகுதியை நோக்குவோம். உத்தமதானபுரம் என்னும் சிற்றூருக்கு அப்பெயர் வந்த கதையோடு சரித்திரம் தொடங்குகின்றது. தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீதத்தையும் இராமாயணப் பிரசங்கத்தையும் வாழ்வாகக் கொண்டவர். ஆதரிப்பார் உள்ள ஊருக்கெல்லாம் குடும்பம் பெயர்ந்து செல்கின்றது. மகனுக்கோ தமிழின்மீது தணியாத வேட்கை. அரியலூரிலே சடகோபையங்கார் அவ்வேட்கையை ஊட்டுகின்றார். பின்னர்ச் செங்கணத்திலே விருத்தாசல ரெட்டியார், கார்குடியிலே கஸ்தூரி ஐயங்கார் என்று, எவரிடத்து எந்நூல் உண்டோ அவரிடத்துக் குடும்பமே சென்று தங்குகின்றது. ஊருக்கோர் ஆசிரியர், ஆசிரியருக்கோர் இலக்கணம். ஒரு நூலைப் படித்தற்கு ஓர் ஊருக்குக் குடிபெயர வேண்டியிருந்த காலம் அது. இன்றோ, விரும்பின் கைப்பேசித் திரையிலேயே இந்நூல் முழுவதையும் திறந்துகொள்ளலாம். இவ்வேறுபாட்டை யான் எடுத்துக்காட்டுவது இக்கால மாணவரைக் கடிந்துரைத்தற்கன்று. அருமையாய்க் கிடைத்த காரணத்தால் அவர் ஒரு நூலைப் பன்முறை படித்தார். எளிதிற் கிடைக்குங் காரணத்தால் நாம் ஒருமுறையேனும் படிப்பதில்லை. இதிலே என்னையும் சேர்த்தே கூறுகின்றேன்.

1871ஆம் ஆண்டிலே, தம் பதினேழாம் பிராயத்திலே, மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணாக்கராய்ச் சேர்கின்றார். நூலின் உயிர்நிலையான பகுதி இதுவெனப் பலரும் கருதுவர். வேங்கடராமன் என்னும் பெயரை மாற்றிச் சாமிநாதன் என வழங்கியவர் பிள்ளையவர்களே. பிறந்தபோது இட்ட பெயர் மறைந்து ஆசிரியர் இட்ட பெயரே நிலைபெற்றது. பிள்ளையவர்கள் புராணச் செய்யுட்களை ஏடும் எழுத்தாணியும் தொடாமலே வாயாற் சொல்லிக்கொண்டு செல்ல, மாணாக்கர் எழுதிக்கொண்டு செல்லும் காட்சிகளைப் படிக்கும்போது நமக்கும் கை துடிக்கின்றது. அத்துணைப் பெரும் புலவர் கடன் தொல்லைக்கு ஆட்பட்டிருந்த நிலையை ஐயர் ஒளிக்கவில்லை, மிகைப்படுத்தவுமில்லை. சைவப் பெரும்புலவராகிய பிள்ளையவர்களின் அன்புக்குரிய மாணாக்கருள் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவர் ஒருவர் இருந்தமையும், மாயூரத்து முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை நெருங்கிய நண்பராயிருந்தமையும் இயல்பான செய்திகளாகவே சொல்லப்படுகின்றன. இவற்றைப் பெருமையாகப் பறைசாற்றாமல் விட்டதே ஐயரின் பண்பு.

குருபக்தியை மட்டும் கண்டு இப்பகுதியைக் கடந்து செல்வோர் ஒன்றைக் காணத் தவறுவர். மாயூரத்திலே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் ஐயர் சங்கீதம் பயிலத் தொடங்குகின்றார். தந்தையாருக்கு அது பெருமகிழ்ச்சி, பரம்பரைச் செல்வமல்லவா? ஆயின், சங்கீதப் பயிற்சி இலக்கியக் கருத்தைக் குறைக்கும் என்று கருதிய பிள்ளையவர்களுக்கு அது விருப்பமன்று. ஐயர் சங்கீதத்தை விட்டுவிடுகின்றார். ஒரு கல்விக்காக மற்றொரு கல்வியை இழத்தல் எளிய செயலன்று. தந்தைக்கும் ஆசிரியருக்கும் இடையே நின்ற இளைஞரின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை நாம் அறிய விழைகின்றோம். ஐயரோ நிகழ்ச்சியைச் சொல்லி அப்பாற் செல்கின்றார். இவ்வடக்கம் நூலின் அழகு என்பார் உளர். எனக்கோ, இவ்விடத்தில் அது குறையாகவே தோன்றுகின்றது. தாம் இழந்ததைச் சொல்லாதவர் பெற்றதன் பெறுமதியையும் முழுமையாகச் சொல்லியவராகார்.

1876ஆம் ஆண்டிலே பிள்ளையவர்கள் மறைகின்றார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவிலே ஐயர் மேலும் கற்றும் கற்பித்தும் வருகின்றார். 1880ஆம் ஆண்டிலே, தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றமையால், கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியிலே தமிழாசிரியர் பதவி கிடைக்கின்றது. இருபத்தைந்து வயது, நல்லாசிரியரிடம் பெற்ற நிறைந்த கல்வி, நிலையான வேலை. இவ்விடத்தில் வேறொருவராயிருப்பின் சரித்திரம் முடிந்திருக்கும். எஞ்சிய பக்கங்களில் பெற்ற பட்டங்களும் பாராட்டுக்களுமே இடம்பெற்றிருக்கும்.

அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் வியாழக்கிழமை, கும்பகோணத்திற்கு முன்சீபாய் வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண ஐயர் செல்கின்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கின்றீர்கள் என்று முதலியார் வினாவுகின்றார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் எனத் தாம் கற்றவற்றை அடுக்குகின்றார். எவரும் வியக்கவேண்டிய பட்டியல் அது. முதலியார் வியக்கவில்லை. இவற்றாற் பயன் என்ன என்பது போன்ற அலட்சியம் அவர் முகத்திலே தோன்றுகின்றது. பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்னும் பெயர்களைக் கூறுகின்றார். ஐயர் அவற்றைப் படித்தவரல்லர். தமக்கு நூற்பிரதி கிடைக்கவில்லை என்றும், கிடைத்தாற் படிப்பேன் என்றும் துணிந்து கூறுகின்றார்.

இந்நிகழ்ச்சியை நம்மவர் பலரும் அறிவர், மேடைதோறும் சொல்லப்படுவது. ஆயின், மேடையிலே சொல்லப்படும்போது இஃது ஓர் அதிசயக் கதையாகிவிடுகின்றது. நூலிலே அத்தியாயம் அத்தியாயமாக வந்து இவ்விடத்தை அடைவோர்க்கே இதன் கடுமை விளங்கும். பல அத்தியாயங்களாக நாம் ஓரிளைஞர் பட்ட பாட்டைக் கண்டுவந்தோம். ஊர் ஊராய் அலைந்தது, பசி பொறுத்தது, நோயிற் கிடந்தது, ஆசிரியரை இழந்து அழுதது யாவும் அக்கல்விக்காகவே. அக்கல்வியனைத்தையும் ஒருவர் ஒரு வினாவினால் ஒதுக்கிவிடுகின்றார். அவ்வாறு ஒதுக்கியவரும் தமிழ்ப்புலவரல்லர், நீதிமன்ற அதிகாரி. ஐயர் சினந்திருக்கலாம், தம் ஆசிரியரின் கல்விமரபை இகழ்ந்தவர் என வெறுத்திருக்கலாம், மீண்டும் அவ்வீட்டுப் பக்கமே செல்லாமல் இருந்திருக்கலாம். அவ்வாறு செய்திருப்பின் குற்றங் கூறுவார் யாரும் இலர். படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டு, மறுபடியும் மாணாக்கராகின்றாரே, அதுவே இந்நூலின் மிகப் பெரிய நிகழ்ச்சி. ஏடு தேடி அலைந்தமையை வீரம் எனப் போற்றுகின்றோம். அவ்வலைவுக்கு முன்னே நிகழ்ந்த இவ்வொப்புதல் அதனினும் பெரிய வீரம்.

மாணாக்கர் ஆனார் என்றேனே, எவரிடத்து? சிந்தாமணியைப் பாடஞ் சொல்ல வல்லார் அவர் அறிந்த வட்டத்திலே எவருமிலர். நச்சினார்க்கினியர் உரையை வைத்துக்கொண்டு தாமே போராடுகின்றார். உரையாசிரியர் காட்டும் மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தவை என்று விளங்கவில்லை. சமண சமயக் கருத்துக்கள் விளங்கவில்லை. இந்நிலையிலேதான் கும்பகோணத்திலேயே சமணர் வாழ்கின்றனர் என்பதை அறிந்து அவர் வீட்டுக்குச் செல்கின்றார். அங்கே தோரணமும் கோலமும் விளங்குகின்றன. என்ன விசேடம் என்று கேட்கச் சிந்தாமணி வாசிப்பு நிறைவெய்தியதாக விடை வருகின்றது. தாம் அறிந்த வித்துவான்கள் எவரும் பாடங் கேட்டிராத ஒரு காப்பியம், தாம் வாழும் நகரத்திலேயே மற்றொரு சமயத்தாரின் இல்லத்திலே பாராயண நூலாய் வாழ்ந்துகொண்டிருந்தது! தமிழ் என்பது தாம் கற்ற மடத்தின் எல்லையோடு முடிவதில்லை என்னும் உண்மை ஐயருக்கு அவ்வீட்டிலே புலனாகியிருத்தல் வேண்டும். சந்திரநாத செட்டியார் முதலிய சமண நண்பரிடம் அவர் ஐயம் கேட்டுத் தெளிகின்றார். பின்னாளில் மணிமேகலைப் பதிப்பின்போது மளூர் ரங்காசாரியாரிடம் பௌத்தக் கருத்துக்களைக் கேட்டறிந்ததும் இவ்வழியின் தொடர்ச்சியே. சைவ மடத்திலே பயின்ற ஸ்மார்த்தப் பிராமணர் ஒருவர் சமண நூலுக்கும் பௌத்த நூலுக்கும் அவ்வச் சமய நெறியிலேயே பொருள் காண முயன்றார். நூல் கூறும் கொள்கையை ஏற்பது வேறு, அதனை உள்ளவாறு விளங்கிக்கொள்வது வேறு என்னும் தெளிவு இல்லையாயின் இது கூடியிராது. சமய மரபைப் பேணும் கல்லூரியொன்றின் மாணவருக்கு இதனினும் சிறந்த பாடம் வேறு வேண்டுமோ?

சிந்தாமணி 1887ஆம் ஆண்டிலும், பத்துப்பாட்டு 1889ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரம் 1892ஆம் ஆண்டிலும், புறநானூறு 1894ஆம் ஆண்டிலும், மணிமேகலை 1898ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இப்பதிப்புக்களின் பின்னணியே நூலின் பிற்பகுதி. அதிலே என்னை உறங்கவொட்டாமற் செய்த ஓர் அத்தியாயம் உண்டு. கரிவலம்வந்தநல்லூரிலே பாண்டியர் காலத்துப் பழஞ்சுவடிகள் கோயிலில் உள்ளன என்று கேள்வியுற்று ஐயர் செல்கின்றார். அவை அங்கே இல்லை. பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட வேண்டும் என்பது விதி என்று கூறி, அவ்வாறே செய்துவிட்டதாக அங்குள்ளார் தெரிவிக்கின்றனர். செய்தவர் பகைவரல்லர், நூலை மதித்தவரே. புனிதமானது குப்பையிற் சேரலாகாது என்னும் நல்லெண்ணமே அவரைத் தூண்டியது. நூலைப் பூசித்தல் ஒன்று, வாசித்தல் மற்றொன்று. வாசிப்பாரற்ற இடத்தில் பூசனையே நூலுக்கு யமனாய் முடிகின்றது.

இப்பக்கங்களை யாழ்ப்பாணத்திலே இருந்து படிக்கும் ஒருவன் மற்றொரு தீயை நினையாதிருத்தல் இயலாது. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் அன்று சாம்பராயின. அத்தீ அறியாமையால் மூண்டதன்று, பகைமையால் மூட்டப்பட்டது. இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் நீதியாகாது. ஆயினும் இழந்தோர் நிலை ஒன்றே. எரிந்த நூலின் பெயரையும் அறியாதவனுக்கு இழப்பின் அளவும் தெரிவதில்லை. ஐயர் கரிவலம்வந்தநல்லூரிலே வருந்தினார். வருந்தியபின் எஞ்சியவற்றைத் தேடி அடுத்த ஊருக்குச் சென்றார். மிதிலைப்பட்டியிலே கவிராயர் வீட்டிலே அருமையாய்ப் பேணப்பட்ட சுவடிகளைக் கண்டபோது அவர் அடைந்த மகிழ்ச்சியையும் நூலிலே காண்கின்றோம். நம் மாணவர் இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படித்தல் நன்று.

இனி, யாழ்ப்பாணத்து வாசகர் எவரும் கடந்து செல்ல முடியாத ஒரு செய்திக்கு வருகின்றேன். சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் இந்நூலிலே வருகின்றார். அவர் கும்பகோணத்தில் வழக்கறிஞராய் இருந்த காலத்திலே சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விழைந்ததும், ஐயர் அதனை விட்டுக்கொடுக்க மனமொவ்வாது தயங்கியதும் நூலிலே சொல்லப்படுகின்றன. இப்பகுதியை முதன்முறை படித்தபோது எனக்கு மனத்தாங்கல் உண்டாயிற்று என்பதை மறைக்கமாட்டேன். ஐயர் சிந்தாமணியை வெளியிடுமுன்னரே வீரசோழியத்தை 1881ஆம் ஆண்டிலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885ஆம் ஆண்டிலும் அச்சேற்றியவர் பிள்ளையவர்கள். 1887ஆம் ஆண்டிலே சிந்தாமணி வெளிவந்தபோதே அவருடைய கலித்தொகைப் பதிப்பும் வெளிவந்தது. அவருக்கும் முன்னே திருக்கோவையாரையும் திருக்குறட் பரிமேலழகர் உரையையும் பிழையறப் பதிப்பித்துக் காட்டியவர் நம் நாவலர் பெருமான். இவ்வளவு வரலாறும் இருக்க, இந்நூலை மட்டும் படிப்போன் பிள்ளையவர்களை இடையிலே வந்து நூலைக் கேட்டுப்போன ஒருவராக எண்ணிவிடுவானோ என்பதே என் மனத்தாங்கல்.

இரண்டாம் வாசிப்பில் என் எண்ணம் ஓரளவு மாறியது. ஐயர் எழுதியது தமிழ்ப் பதிப்பு வரலாறன்று, தம் சரித்திரம். தம் கண்ணுக்குத் தெரிந்ததைத் தம் பக்கமிருந்தே அவர் எழுதுகின்றார். பிள்ளையவர்கள் இவ்வாறு தம் சரித்திரத்தை விரித்து எழுதிவைத்திலர். அவருடைய உள்ளத்தை அறிய விரும்புவோர் அவர் எழுதிய பதிப்புரைகளையே நாடவேண்டும். ஏடுகள் நுனி முரிந்தும் இதழ் ஒடிந்தும் அழிந்துபோகும் நிலைகண்டு அவர் கொண்ட பதைப்பு அப்பதிப்புரைகளிலே இன்றும் சூடு ஆறாமல் இருக்கின்றது. ஐயரோ அரைநூற்றாண்டு கடந்தபின் அமைதியாய் நினைவுகூர்கின்றார். ஒருவர் எழுத்து போர்க்களத்திலே எழுதியது. மற்றவர் எழுத்து திண்ணையிலே அமர்ந்து எழுதியது. இரண்டையும் ஒருங்கு வைத்துப் படிப்பவனுக்கே உண்மை புலனாகும். சமண நூலாகிய சூளாமணியை 1889ஆம் ஆண்டிலே பதிப்பித்த பிள்ளையவர்களும், சிந்தாமணியைப் பதிப்பித்த ஐயரும் ஒரே பணியைச் செய்தவர்கள். சிந்தாமணி ஒன்றை இருவரும் விரும்பினர் என்பதே அவர்கள் பிணக்கின் முழுப் பொருள். மற்றையோர் கண்டுகொள்ளாத ஒன்றுக்காக இருவர் பிணங்கினர் எனின், அஃது அந்நூலுக்குக் கிடைத்த பேறு. அவர்கள் பிணக்கை நாம் ஊர்ப் பிணக்காய் வளர்த்தல் அறியாமை.

நூலின் நடையைப்பற்றிச் சில கூறவேண்டும். வடசொல் விரவிய எளிய நடை அது. தனித்தமிழ் ஆர்வலர்க்கு உவப்பளிக்காமலிருக்கலாம். பண்டிதர் ஒருவர் எழுதியது என்பதை மறக்கச் செய்யும் தெளிவு அதன் சிறப்பு. பாட்டி கதை சொல்லும் தன்மையிலே ஒவ்வோர் அத்தியாயமும் தொடங்குகின்றது. மெல்லிய நகைச்சுவை ஆங்காங்கே தோன்றி மறைகின்றது. தம் திருமணத்தின் செலவு விவரங்களையும் தின்பண்டங்களையும் கூட அவர் மறவாது கூறுகின்றார். எண்பத்தைந்து வயதிலே இத்துணை நுணுக்கமாய் நினைவுகூர்தல் வியப்புக்குரியது.

குறைகளும் உள. வாரந்தோறும் வெளிவந்த காரணத்தாற் போலும், சொன்னவற்றையே மீண்டும் சொல்லுதல் பல இடங்களில் உண்டு. பிற்பகுதியிலே, பதிப்பு வேலைகள் பெருகப் பெருக, மனிதர் சுருங்கிப் பெயர்ப்பட்டியல்கள் நீளுகின்றன. வந்தார், கண்டார், பிரதி தந்தார், பொருள் உதவினார் என்று செல்லும் பக்கங்கள் நன்றியறிதலுக்குச் சான்றாகலாம், வாசகனுக்குச் சுமையே. செய்ந்நன்றி மறவாத உள்ளம் எழுத்தாளனின் கத்தரிக்கோலைப் பறித்துவிட்டது. பெண்மக்களைப்பற்றிய செய்திகள் மிகச் சில. அன்னையாரின் அன்பு சில இடங்களில் ஒளிர்கின்றது; மனைவியாரைப்பற்றி நாம் அறிவது மிகச் சிறிது. ஏடுகளோடு இரவு பகலாய்ப் போராடிய ஒருவரின் இல்லத்தை நடத்தியவர் பட்ட பாடும் அச்சரித்திரத்தின் ஒரு பாகமன்றோ? ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல், குறுந்தொகை ஆகியவற்றின் பதிப்பு வரலாறும், 1903ஆம் ஆண்டிலே சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறியபின் அமைந்த வாழ்வும் இந்நூலிலே இடம்பெறாமற் போனமை காலத்தின் குற்றமேயன்றி ஆசிரியர் குற்றமன்று.

தமிழில் எழுந்த வேறு தன்வரலாறுகளோடு இதனை ஒப்பிடுவாரும் உளர். திரு. வி. கலியாணசுந்தரனாரின் ‘வாழ்க்கைக் குறிப்புக்கள்’ 1944ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அவருடைய ஆசிரியர் நம் நாட்டவராகிய நா. கதிரைவேற்பிள்ளையாதலால் அந்நூலும் நமக்கு உறவுடையது. திரு. வி. க. தம் வாழ்வினூடே நாட்டின் இயக்கங்களைக் காட்டுகின்றார். சமயம், தொழிலாளர், விடுதலை என்று அவர் உலகம் விரிகின்றது. ஐயரின் உலகிலே அரசியல் ஆரவாரம் மிகக் குறைவு. ஆயின், ஒரு மொழி தன் பழம் பெருமையைத் திரும்பப் பெற்றது எத்தகைய சிறு சிறு உழைப்பினால் என்பதை ஐயரின் நூலே காட்டுகின்றது. எழுத்தொன்று சிதைந்த ஓலையை விளக்கருகே பிடித்து மணிக்கணக்காய் நோக்குதல், பாடபேதம் குறித்தல், அச்சுத்தாளைத் திருத்தல் ஆகியவற்றைச் சுவைபடச் சொல்லுதல் எளிதன்று. அதிலே ஐயர் வெற்றி பெற்றுள்ளார்.

ஆகவே, “நூல் எவ்வாறு இருக்கின்றது?” என்று கேட்பார்க்கு என் விடை இது. முற்பகுதி இனியது, நடுப்பகுதி பெரியது, பிற்பகுதி பொறுமையை வேண்டுவது. முழுவதையும் படித்தற்கு நேரமில்லை என்னும் மாணவர், கும்பகோணம் கல்லூரியில் ஐயர் பதவியேற்பது முதற் சிந்தாமணி வெளிவருவது வரையுள்ள அத்தியாயங்களையேனும் படித்தல் வேண்டும். ஆசிரியராய் உள்ளோர் முழுவதையும் படித்தல் வேண்டும். பட்டமும் பதவியும் பெற்றபின் நாம் படிக்காதவற்றின் பட்டியலை ஒருவரும் நம்மிடம் கேட்பதில்லை, நாமும் கேட்டுக்கொள்வதில்லை. இந்நூல் கேட்கின்றது.

வினா எழுப்பிய அம்மாணவனை அண்மையிலே நூலக வாயிலிற் கண்டேன். முழுவதையும் படித்துவிட்டேன் என்று கூறினேன். புன்னகை செய்தான். சிந்தாமணியைப் படித்துவிட்டீர்களா, ஐயா, என்று அடுத்து வினாவினான். அதனை இனித்தான் தொடங்கவேண்டும்.